பனியும் பத்ராவும்

ஏப்ரல், மே மாதங்களில் தாராவி, மாதுங்கா, செம்பூர் என்று எங்கே போனாலும் ஒரு கோலா வண்டி நிற்கும். வண்டியில் இருக்கும் ஐஸ் கட்டி நல்ல கட்டியாக இருந்தால் கண்ணாடி போலிருக்கும். பின்னால் அடுக்கிய சிரப் பாட்டில்கள் அதன் வழியே தெரியும். அதையே சீவினால் விழுகிற தூள் பால் வெள்ளை. நடுவில் யாரும் எதையும் கலக்கவில்லை. அதே ஐஸ்தான். அந்தத் தூளைக் குச்சியில் உருட்டிக் காலா கட்டா சிரப்பை ஊற்றியதும் வெள்ளை காணாமல் போகிறது. சிரப்பின் கருநிறம்தான் காரணம் என்று தோன்றும். பாதிதான் சரி. வெறும் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்: அப்போதும் வெள்ளை மங்கி, கோலா பழையபடி கண்ணாடித்தன்மைக்குப் போகும்.

மும்பையில் பனி பெய்யாது. ஆனால் இமயமலைப் பனி வெயிலை ஏன் திருப்பி அனுப்புகிறது என்பதைக் கற்றுக்கொள்ள இந்த வண்டியே போதும்.

ஐஸ், கண்ணுக்குத் தெரியும் ஒளியை அநேகமாக விழுங்குவதே இல்லை. ஒளி காற்றிலிருந்து ஐஸுக்குள் நேராக நுழையும்போது 100 பங்கில் சுமார் 2 பங்கு திரும்பிவிடும், மீதி 98 உள்ளே போகும். கட்டியாக இருந்தால் நுழைவதற்கு ஒரு பரப்பு, வெளியேற ஒரு பரப்பு, அவ்வளவுதான். சீவிவிட்டால் ஒரு விரல் கனத்துக்குள் நூற்றுக்கணக்கான பரப்புகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திரும்புகிறது, மீதி வளைந்து அடுத்த துகளில் மோதுகிறது. இப்படி மோதி மோதித் திசை தெரியாமல் போன ஒளி கடைசியில் வந்த வழியே மேலே வெளியேறுகிறது. உள்ளே விழுங்க ஆளில்லாததால் வந்ததில் பெரும்பங்கு அப்படியே திரும்பும். எல்லா நிறமும் ஒரே அளவில் திரும்புவதால் நம் கண்ணுக்கு வெள்ளை. இடைவெளியில் தண்ணீர் நிறைந்தால் என்ன ஆகிறது? தண்ணீரும் ஐஸும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவு வளைப்பவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதை ஒளி கவனிப்பதே இல்லை. பரப்புகள் எல்லாம் அழிந்த மாதிரி.

ஆக, பனியின் வெள்ளை அதன் பொருளில் இல்லை, காற்றும் ஐஸும் மாறி மாறி அடுக்கிய அமைப்பில் இருக்கிறது. புதிதாகப் பெய்த பனி, தன்மேல் விழும் வெயிலில் 100க்கு 80 முதல் 90 பங்கைத் திருப்பிவிடும். நாளாக ஆகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும், பரப்புகள் குறையும், ஒளி ஐஸுக்குள் நெடுந்தூரம் போக வேண்டி வரும். பழைய, ஈரம் கண்ட பனி 50 பங்கு திருப்பினாலே பெரிது. இந்தக் கணக்குக்கு அறிவியலில் அல்பீடோ என்று பெயர். 0 என்றால் எல்லாவற்றையும் விழுங்கும் பொருள், 1 என்றால் எல்லாவற்றையும் திருப்பும் பொருள்.

கோடை விடுமுறைக்கு மணாலி, ரோதாங் போய் வந்தவர்கள் மூக்கின் அடியும் தாடையின் கீழும் தோலுரிந்து வருவது இதனால்தான். குளிர் என்று நினைத்துக்கொண்டிருப்போம். வெயில் மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை அடிக்கிறது. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பும். கடற்கரை மணலோ 15 விழுக்காடுதான். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியில் ஒரு நாள் முழுக்க நடந்தால் கண் எரிந்து தற்காலிகமாகப் பார்வையே மங்கும்.

பனிக்கு நேர் எதிர் நம் அரபிக்கடல். உச்சி வெயிலில் கடல் திருப்புவது 100க்கு சுமார் 6 பங்குதான். வடதுருவத்தில் பனி மூடிய கடல் உருகித் திறந்தால் 80 திருப்பிய இடம் 6 திருப்பும் இடமாகிவிடும். இன்னும் சூடாகும், இன்னும் உருகும். அந்த 6 பங்கோடு மும்பைக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். 1921இல் இங்கிலாந்திலிருந்து எஸ்.எஸ். நர்குண்டா கப்பலில் திரும்பிய சி.வி. ராமன், கப்பல் தளத்தில் நின்று ஒரு நிக்கோல் பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அந்தப் பட்டகம் மறைத்துவிடும். மறைத்த பிறகும் நீலம் இருந்தது. இன்னும் ஆழமாகவே இருந்தது. நீருக்குள் நுழைந்த ஒளியை நீர் மூலக்கூறுகளே சிதறடிக்கின்றன என்று அவர் நேச்சர் இதழுக்கு எழுதிய குறிப்பில் பம்பாய்த் துறைமுகம் என்றே முகவரி இருக்கிறது.

சாலைகளைச் சொல்லவே வேண்டாம். புதுத் தார்ச்சாலை 5 பங்கு, வெளுத்துப் போன பழைய சாலை 10 முதல் 15 பங்கு. ஒரு மாநகரம் என்பது பெரும்பாலும் வெயிலை விழுங்கும் பரப்புதான்.

இனி கூரைக்கு வருவோம். தாராவியின் உள்சந்துகளில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அந்தச் சந்துகளில் வெயில் தரைக்கு வருவதே அரிது; சுவரிலும் படாது. படுவதெல்லாம் மேலே, கூரையில். அதனால் தாராவியைப் பொறுத்தவரை வெயில் பற்றிய கேள்வி ஏறத்தாழ முழுக்கக் கூரை பற்றிய கேள்வி. கூரை என்பது பெரும்பாலும் தகர ஷீட்டு, அங்கத்திய பேச்சில் பத்ரா. சில இடங்களில் சிமென்ட் ஆஸ்பெஸ்டாஸ், மழைக்காலத்தில் அதன்மேல் நீலத் தார்ப்பாய், அதாவது தாட்பத்ரி. பத்ராவுக்கு நேர் கீழே இருப்பது பெரும்பாலும் மாடி. ஏணி வைத்து ஏறும் அந்த மாடியில் ஒரு தையல் பட்டறையோ, வாடகைக்கு விட்ட ஒரு கோலியோ, அதாவது ஒற்றை அறையோ, இருக்கும்.

மும்பை 19 டிகிரி வட அகலாங்கில் இருப்பதால் மே மாத நடுவில் ஒரு நாளும் ஜூலைக் கடைசியில் ஒரு நாளும் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழல் விழாது. ஜூலையில் மேகம் மறைத்துக்கொள்ளும், மே மாதத்தில் மறைக்க ஏதுமில்லை. அப்போது ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. பத்துக்குப் பத்து அடி கோலியின் கூரை 9 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது 9 கிலோவாட்டுக்கு மேல். துருப்பிடித்த பழைய பத்ரா கால் பங்கைத் திருப்புகிறது என்று வைத்தால், அது விழுங்குவது சுமார் 7 கிலோவாட். முழு வேகத்தில் எரியும் மூன்றரை இண்டக்‌ஷன் அடுப்பு. எல்லாமே வீட்டுக்குள் இறங்கிவிடுவதில்லை. காற்று கொஞ்சம் கொண்டுபோகும், வானத்துக்குக் கொஞ்சம் போகும். இருந்தாலும் ஷீட்டு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் அது கீழ்நோக்கியும் வெப்பத்தை வீசும். மாடியில் உட்கார்ந்திருப்பவர் தலையில் உணர்வது காற்றின் சூட்டை மட்டுமல்ல, ஷீட்டு வீசும் வெப்பக் கதிரையும்தான். மின்விசிறியால் அதை விரட்ட முடியாது.

அதே கூரைக்கு நல்ல வெள்ளைப் பூச்சு அடித்தால் 80 பங்கு திரும்பும்; விழுங்குவது 2 கிலோவாட்டுக்குள் அடங்கும். பனிக்கு நிகரான கணக்கு இது.

இங்கே கண் நம்மை ஏமாற்றும் இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது: வெயிலில் நாம் பார்க்கும் ஒளி பாதிக்கும் குறைவு. ஏறக்குறைய பாதி அகச்சிவப்புக் கதிர், ஒரு சிறு பங்கு புற ஊதா. கண்ணுக்கு ஒரே பழுப்பாகத் தெரியும் இரண்டு பெயின்டுகளில் ஒன்று அகச்சிவப்பைத் திருப்பலாம், மற்றது விழுங்கலாம். பனியேகூட அகச்சிவப்பில் அத்தனை வெள்ளை இல்லை; அந்த அலைவரிசையின் ஒரு பகுதியை மட்டும் பார்க்கும் கண் நமக்கு இருந்திருந்தால் பனி கறுப்பாகத் தெரியும்.

இரண்டாவது, பளபளப்பு. புதுத் தகரம் பளபளக்கிறது, வெயிலில் 60 பங்கு வரை திருப்பவும் செய்கிறது. பிறகு ஏன் கை வைக்க முடியாத சூடு? வெயிலைத் திருப்புவது ஒரு வேலை, விழுங்கிய வெப்பத்தை வானத்துக்கு வீசி எறிவது இன்னொரு வேலை. பூச்சில்லாத உலோகம் இரண்டாவதில் படுமோசம். வாங்கிய 40 பங்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். வெள்ளைப் பெயின்ட் இரண்டையும் செய்யும்: வெயிலைத் திருப்பும், தன் வெப்பத்தையும் தாராளமாக வீசும். புதுப் பத்ரா பளபளவென்று இருக்கிறதே, எதற்குப் பெயின்ட் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கண்ணாடியும் இதே போல ஏமாற்றும். மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலைத் திருப்பத்தான் செய்கின்றன, ஆனால் ஒரே திசையில். அது எதிர்க்கட்டடத்துக்கோ சாலையில் போகிறவர் முகத்துக்கோ போகிறது. பனியும் சுண்ணாம்பும் எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். கூரைமேல் சிதறும் ஒளியில் பெரும்பகுதி வானத்துக்கே போய்விடும்.

இத்தனையும் படித்துவிட்டு வெள்ளைதான் குளிர்ச்சிக்கு ஒரே வழி என்று முடிவு கட்டினால் மாதுங்கா குறுக்கே நிற்கும். செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து டபிள்யூ.ஆர்.ஐ. இந்தியா என்ற ஆய்வு நிறுவனம் செய்த ஒப்பீட்டில், தாராவியின் பரப்பு பக்கத்து மாதுங்காவைவிடச் சுமார் 5 டிகிரி அதிகச் சூடு. நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதை. ஆனால் மாதுங்கா வெள்ளையாகவா இருக்கிறது? ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் மேலிருந்து பார்த்தால் கரும்பச்சை. மரத்தோப்பு வெயிலில் 15 பங்கு, மிஞ்சினால் 20 பங்குதான் திருப்பும். வாங்கிய வெயிலை மரம் வெப்பமாக வைத்துக்கொள்வதில்லை, வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக்கச் செலவழிக்கிறது. திருப்பி அனுப்புவது ஒரு வழி, ஆவியாக்குவது இன்னொரு வழி. தாராவியில் மரம் நட மண் எங்கே? அதனால் அங்கே முதல் வழிதான் கைக்கு எட்டுகிறது. மாதுங்காவின் மரங்கள் அங்கே குடியிருப்பவர்களின் சமர்த்தால் வந்தவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடந்த நூற்றாண்டின் முதல் பாதியில் தாதர், மாதுங்கா பகுதியைத் திட்டமிட்டு மனை பிரித்தபோதே சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் ஒதுக்கினார்கள். தாராவிக்கு யாரும் அப்படி ஒதுக்கவில்லை.

நம் ஊரில் வெயிலுக்கு வெள்ளையடிப்பது பழைய பழக்கம். பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடித்தவர்களுக்குத் தெரியும்: மட்டை பட்ட இடம் முதலில் மங்கலாக, அடித்தோமா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருக்கும், காயக் காயத்தான் வெளுக்கும். ஈரம் இருக்கும்வரை சுண்ணாம்புத் துகள்களுக்கு நடுவே நீர். அது போய்க் காற்று நுழைந்ததும் பரப்புகள் உயிர் பெறுகின்றன. கோலாவில் தண்ணீர் ஊற்றியதற்கு நேர் மறுதலை. ஆனால் தகரத்தில் சுண்ணாம்பு ஒட்டாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மும்பை மழையில் சிமென்ட் ஷீட்டிலேயே அது ஒரு பருவம் நிற்பது கஷ்டம்.

பெயின்டில் காற்றுக்கு இடமில்லை, துகள்கள் பிசினுக்குள் மூழ்கிக் கிடக்கும். அப்படி இருந்தும் வெள்ளை வருவது டைட்டானியம் டை ஆக்ஸைடால். ஒளியை வளைப்பதில் அது வைரத்தைவிடக் கெட்டிக்காரப் பொருள். பிசினுக்குள்ளும் அதன் பரப்புகள் மறைவதில்லை. துகளை ஒளியலையின் நீளத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்கு அரைத்துப் போட்டால் மிகவும் பலமாகச் சிதறடிக்கும். அதனால்தான் பனியில் சில சென்டிமீட்டர் கனம் தேவைப்படும் வேலையை ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிக் கனமுள்ள பூச்சு செய்துவிடுகிறது. இந்த வெள்ளைக்கு மூலம் கரிய மணல். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கேரளத்தின் சவராவிலும் கிடைக்கும் இல்மனைட் மணலிலிருந்துதான் டைட்டானியம் வருகிறது. மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்கும் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது மும்பை பிரபாதேவியில். 1946இல் நிறுவப்பட்ட திருவாங்கூர் டைட்டானியம் ஆலை இல்மனைட்டைத்தான் வெள்ளை நிறமியாக்குகிறது. பெயின்ட் தொழிலுக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் பழைய இடங்களில் ஒன்று மாதுங்காவிலேயே இருக்கிறது: 1933இல் தொடங்கி, நெடுங்காலம் யு.டி.சி.டி. என்று அழைக்கப்பட்டு, இப்போது ஐ.சி.டி. ஆகியிருக்கும் வேதித் தொழில்நுட்ப நிறுவனம்.

பனிக்கும் பத்ராவுக்கும் பொதுவான பகை கரி. பனிக்குள் ஒளி நூற்றுக்கணக்கான முறை மோதித் திரும்புவதால், எங்கோ ஒட்டியிருக்கும் ஒரு கரித்துகளை அது சந்திக்கும் வாய்ப்பும் அத்தனை மடங்கு. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கரியே பனியின் வெள்ளையைக் கணிசமாகக் குறைத்துவிடும். இமயமலைப் பனியாறுகளுக்கு நம் சமவெளிகளின் அடுப்புப் புகையும் டீசல் புகையும் செய்யும் கேடு இது. இந்தப் புகையை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். 1989இல் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு, மேகங்கள் மொத்தத்தில் பூமியைக் குளிர்விக்கின்றன என்று காட்டியவர். 1999இல் அவரும் பால் கிரட்சனும் நடத்திய இந்தோயெக்ஸ் ஆய்வில், இந்தியக் கரையிலிருந்து அரபிக்கடல் மேல் நெடுந்தூரம் பரவியிருந்த பழுப்பு மூட்டத்தை விமானமும் கப்பலும் வைத்து அளந்தார்கள்.

மும்பைக் கூரைக்கு அந்த மூட்டத்தோடு கட்டட வேலைத் தூசியும், கும்பார்வாடா பக்கம் சூளைப் புகையும், மழைக்காலத்துப் பாசியும் சேரும். 80 பங்கு திருப்பிய வெள்ளை, கழுவாமல் விட்டால் சில ஆண்டுகளில் 60க்குக் கீழே வந்துவிடும். அப்போதும் துருப்பிடித்த பத்ராவைவிட மேல்தான். ஆனால் ஒரு முறை அடித்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் திட்டங்கள் பாதித் திட்டங்கள்.

அரசுகள் இதை எடுத்துக்கொண்டது சமீபத்தில்தான். 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத், 2017இல் குடிசைப் பகுதிகளில் குளிர்கூரைப் பூச்சைத் தொடங்கியது. தெலங்கானா 2023இல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டு, ஐந்தாண்டில் 300 சதுர கிலோமீட்டர் கூரையை இலக்காக வைத்தது. மும்பையின் காலநிலைச் செயல்திட்டம் 2022 மார்ச்சில் வந்தது. ஊர்க் கூரைகளை வெளுத்தால் பூமியே குளிரும் என்று சிலர் சொல்வதை நான் நம்பவில்லை. பூமி மொத்தமாகத் திருப்புவது 100க்கு 30 பங்கு, அதில் பெரும்பகுதி மேகங்களின் வேலை. அந்த 30, 29 ஆகக் குறைந்தால் காற்றில் கரியமில வாயு இரட்டிப்பானதற்குக் கிட்டத்தட்டச் சமமான வெப்பம் சேரும் என்பது உண்மை. ஆனால் சுமார் இரண்டரைச் சதுர கிலோமீட்டர் தாராவி அந்தக் கணக்கில் தூசிக்கும் கீழே. பத்ராவை வெளுப்பது அதற்குக் கீழே உட்கார்ந்து தைப்பவருக்காக. அந்தக் காரணமே போதும்.

செம்பூரின் பழைய காலனிகளில் கதை கொஞ்சம் வேறு. அங்கே கூரை கான்கிரீட் தளம். பத்ரா மெல்லியது, சூரியன் இறங்கியதும் சீக்கிரம் ஆறிவிடும். கான்கிரீட் பகலில் குடித்த வெயிலை நள்ளிரவு வரை உள்ளே விடும். மேல் மாடிக்காரர்கள் தூங்க முடியாமல் தவிப்பது அதனால். ஒழுகலுக்குப் பயந்து பல சொசைட்டிகள் மொட்டை மாடியில் போட்டிருக்கும் தகரக் கொட்டகை, தெரியாமலே ஒரு நன்மை செய்கிறது: தளத்துக்கு நிழல், நடுவே காற்றோட்டம். கொட்டகை இல்லாத இடத்தில் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ பலன் தரும்.

இதற்கு அடுத்த கட்டமும் வந்திருக்கிறது. சிறுவயதில் கனடாவிலிருந்து கோடைதோறும் மும்பையில் இருந்த தாத்தா பாட்டி வீட்டுக்கு வந்துபோன அஸ்வத் ராமன், 2014இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது, வெயிலில் 97 விழுக்காட்டைத் திருப்பி, தன் வெப்பத்தை வானத்துக்கு வீசி, நேர் வெயிலிலேயே சுற்றுக் காற்றைவிட 5 டிகிரி குளிர்ந்து நிற்கும் ஒரு பரப்பைக் காட்டினார். 2021இல் பர்டூ பல்கலைக்கழகத்தார் பேரியம் சல்பேட்டால் 98 விழுக்காடு திருப்பும் பெயின்ட் செய்தார்கள். இவற்றுக்கு வறண்ட, தெளிந்த வானம் வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த ஈரமே வெப்பத்தைத் தடுத்துத் திருப்பிவிடும். மும்பையின் மே மாதம் அவற்றுக்கு உகந்ததல்ல.

கடையில் பெயின்ட் வாங்கும்போது வெள்ளையா என்று மட்டும் பார்க்காதீர்கள், டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்புவதையும் வீசுவதையும் சேர்த்துக் கணக்கிட்ட எண் அது. நிர்ணயித்த கறுப்புக்கு 0, நிர்ணயித்த வெள்ளைக்கு 100. பூச்சில்லாத புதுத் தகரத்துக்கு 45 சொச்சம்தான் வரும். அடிக்க நல்ல காலம் பிப்ரவரி: மழை ஈரம் முழுக்கக் காய்ந்திருக்கும், ஷீட்டு இன்னும் கொதிக்காது. துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கை. ஆணி வரிசைமேல்தான் கால் வைக்க வேண்டும், அதற்கு அடியில்தான் விட்டம் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு என்றால் ஆணி வரிசையையும் நம்பாமல் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நடக்க வேண்டும். பழைய ஷீட்டு முன்னறிவிப்பு இல்லாமல் உடையும்.